வைரஸ் காய்ச்சலும் ஆக்சிஜன் குறைவும்: உடலுக்குள் நடப்பது என்ன?

 

மழைக்காலம் வந்தால் காய்ச்சல் எட்டிப் பார்க்காத வீடு அரிது. பெரும்பாலான வைரஸ் காய்ச்சல்கள் ஒரு வாரத்தில் தாமாகவே அடங்கிவிடும். ஆனால் 2021-இல் கொரோனாவின் இரண்டாம் அலையில், நன்றாகப் பேசிக்கொண்டிருந்தவர்களே திடீரென ஆக்சிஜன் சிலிண்டர் தேவைப்படும் நிலைக்குச் சென்றதை நாம் கண்டோம். மூச்சு திணறாமலே ஆக்சிஜன் எப்படிக் குறைந்தது? முன்கூட்டியே மாத்திரை விழுங்கினால் தடுக்கலாமா? இரண்டுக்கும் விடை நம் உடலின் செல்களுக்குள் இருக்கிறது.

செல்லுக்குள் எரியும் அடுப்பு

உண்ட உணவை ஆக்சிஜனைக் கொண்டு சக்தியாக மாற்றும் வேலை, செல்லுக்குள் உள்ள மைட்டோகாண்ட்ரியா என்னும் நுண்ணுறுப்பில் நடக்கிறது. அடுப்பு எரிந்தால் புகை எழுவதுபோல, அங்கேயும் ஹைட்ரஜன் பெராக்சைடு போன்ற வீரியமிக்க ஆக்சிஜன் பொருட்கள் சிறிதளவு உண்டாகும. அளவு மீறினால் அவை செல்லின் சவ்வையும் புரதங்களையும் மரபணுவையும் அரிக்கும். சாதாரண நாட்களில் குளுட்டாதயோன் போன்ற காப்புப் பொருட்களைச் செல்லே தயாரித்து இந்தப் புகையை அகற்றிவிடுகிறது.

வைரஸ் நுழைந்ததும் சமநிலை குலைகிறது. தன்னைப் பெருக்கிக்கொள்வதற்காக அது செல்லை ஓய்வின்றி வேலை வாங்குகிறது, புகை கூடுகிறது. மறுபுறம், நம் வெள்ளணுக்களே இதே வீரியப் பொருட்களை வேண்டுமென்றே உண்டாக்கி ஆயுதமாக வீசுகின்றன. நோய் கடுமையானால் அந்த ஆயுதம் நம் சொந்த நுரையீரலையும் புண்படுத்துகிறது. இதையே ஆக்சிஜனேற்ற அழுத்தம் என்கிறார்கள்.

ஆக்சிஜன் குறைந்தால் ஒலிக்கும் மணி

ஹெச்.ஐ.எஃப். என்ற புரதத்தை நம் செல்கள் எந்நேரமும் தயாரிக்கின்றன. ஆக்சிஜன் போதுமான அளவு இருந்தால் அது சில நிமிடங்களில் அழிக்கப்பட்டுவிடும். ஆக்சிஜன் குறைந்தால் அழியாமல் சேர்ந்து, மரபணுக்களை முடுக்கிவிடும். சிவப்பணுக்களைக் கூட்டு, புதிய இரத்தக் குழாய்களை வளர்த்திடு, ஆக்சிஜன் இல்லாமலே சர்க்கரையிலிருந்து சக்தி எடு என்று அது கட்டளையிடுகிறது. இந்த ஏற்பாட்டைக் கண்டறிந்த வில்லியம் கேலின், பீட்டர் ராட்கிளிஃப், கிரெக் செமன்சா ஆகிய மூவருக்கும் 2019-ஆம் ஆண்டு மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது.

கொரோனா, இன்ஃபுளுவென்சா போன்ற வைரஸ்கள் ஆக்சிஜன் இருக்கும்போதே இந்த மணியை ஒலிக்கச் செய்வது ஆய்வகச் சோதனைகளில் தெரியவந்துள்ளது. அதனால் வீக்கம் இன்னும் கூடலாம். நுரையீரல் வீங்கி நீர் கோத்தால் ஆக்சிஜன் உண்மையிலேயே குறைகிறது. மணி மேலும் பலமாக ஒலிக்கிறது. இப்படி ஒன்றையொன்று வளர்ப்பதால்தான் நோய் சில நேரம் வேகமாக முற்றுகிறது.

திணறல் ஏன் தெரிவதில்லை?

மூச்சு முட்டும் உணர்வை முக்கியமாகத் தூண்டுவது ஆக்சிஜன் குறைவு அன்று. இரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு கூடுவதுதான். அந்த வாயு, பாதிக்கப்பட்ட நுரையீரலிலிருந்தும் எளிதில் வெளியேறிவிடும். ஆகவே ஆக்சிஜன் ஆபத்தான அளவுக்கு இறங்கிய பிறகும் நோயாளி "எனக்கு ஒன்றுமில்லை" என்று சொல்லக்கூடும். அவர் சொல்லை மட்டும் நம்பி இருந்துவிடக் கூடாது.

மாத்திரை காப்பாற்றுமா?

புகையை அகற்ற வைட்டமின் சி மாத்திரைகளைக் குவித்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். மருத்துவமனையில் சேர்ந்த கொரோனா நோயாளிகளுக்கு அதை அதிக அளவில் ஊசி வழியே செலுத்திப் பார்த்த பெரிய ஆய்வுகளில் பலன் கிடைக்கவில்லை. கொய்யா, நெல்லி, கீரை ஆகியவற்றை வழக்கமான உணவாக உண்பது நல்லது. அது சிகிச்சைக்கு மாற்று ஆகாது.

ஸ்டீராய்டு மாத்திரையில் இன்னும் எச்சரிக்கை தேவை. 2020-இல் பிரிட்டனில் நடந்த ரெக்கவரி ஆய்வில், டெக்சாமெத்தசோன் மருந்து வென்டிலேட்டரில் இருந்தவர்களின் மரணத்தை மூன்றில் ஒரு பங்கும், ஆக்சிஜன் பெற்றவர்களின் மரணத்தை ஐந்தில் ஒரு பங்கும் குறைத்தது. ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்கு எந்தப் பலனும் இல்லை. 2021-இல் நம் நாட்டில் கருப்புப் பூஞ்சை பரவியதற்குக் கட்டுப்படாத சர்க்கரை நோயும் முறையற்ற ஸ்டீராய்டு பயன்பாடும் முக்கியக் காரணங்களாகச் சொல்லப்பட்டன. ஒரே மருந்து ஒருவருக்கு உயிர் காக்கும், இன்னொருவருக்குக் கேடாகும். ஆகவே பக்கத்து வீட்டாரின் மருந்துச் சீட்டை நம் வீட்டு நோயாளிக்குப் பயன்படுத்த வேண்டாம்.

நாம் செய்ய வேண்டியவை

• காய்ச்சலுடன் இருமல் நீடித்தால் பல்ஸ் ஆக்சிமீட்டரால் காலை, மாலை அளவு பாருங்கள். சற்று நேரம் உட்கார்ந்து ஓய்வெடுத்த பிறகு பார்க்கவும்.

• விரல் குளிர்ந்திருக்கக் கூடாது. நகப்பூச்சோ கருத்த மருதாணியோ உள்ள விரலைத் தவிர்க்கவும். கருத்த நிறத்தவர்களுக்கு இக்கருவி சற்றுக் கூடுதலாகக் காட்டக்கூடும்.

• அளவு 94-க்குக் கீழே இறங்கினால் அன்றே மருத்துவரிடம் செல்லுங்கள். 90-க்குக் கீழே என்றால் தாமதமின்றி மருத்துவமனை, 108-ஐ அழையுங்கள். நாள்பட்ட நுரையீரல் நோயாளிகள் தங்களுக்குரிய அளவை முன்பே மருத்துவரிடம் கேட்டு வைத்துக்கொள்ளவும்.

• உதடு நீலம் பாய்தல், குழப்பமான பேச்சு, நெஞ்சு வலி, வேகமான மூச்சு இருந்தால் கருவியின் எண்ணைப் பார்த்துக் காத்திருக்க வேண்டாம்.

வயதான வாப்பா, உம்மா, கர்ப்பிணிகள், சர்க்கரை மற்றும் இதய நோயாளிகள் உள்ள வீடுகள் கூடுதல் கவனம் எடுக்க வேண்டும். நோய்க்கு ஷிஃபா தருபவன் அல்லாஹ். உரிய நேரத்தில் மருத்துவரை நாடுவது நம் கடமை.