மலைநாட்டில் ஒரு காற்றுத் துப்பாக்கி

ஹற்றனைச் சேர்ந்த மாணவனொருவன் விடுமுறை முடிந்து கல்லூரிக்குத் திரும்பியதும் நம்மிடம் ஒரு வினாவுடன் வந்தான். தோட்டத்துத் துரை ஒருவர் தாய்நாடு திரும்பும்போது அவன் பாட்டனாருக்குக் கொடுத்துச் சென்ற ஆங்கிலக் காற்றுத் துப்பாக்கி ஒன்று வீட்டிலே இருக்கின்றது. அயலவரிடம் ஜேர்மன் துப்பாக்கி ஒன்று உண்டு. இவ்விரண்டில் வலு மிக்கது எது? வில்லை மாற்றினால் வலுவை இன்னும் ஏற்றலாகாதா? அனுமதிப்பத்திர விடயங்களை முதலிற் கேட்டுத் தெளிந்த பின்னரே நாம் மற்றவற்றைப் பேசத் தொடங்கினோம்.

1848ஆம் ஆண்டில் நுவரெலியாவில் வந்து குடியேறிய சாமுவேல் பேக்கர் மரை வேட்டையிலே பேர்போனவர். அவருடைய துப்பாக்கிகள் வெடிமருந்தால் இயங்கியவை. பேர்மிங்ஹாமிலுள்ள பி.எஸ்.ஏ. தொழிற்சாலை, லிங்கன் ஜெஃப்ரிஸ் என்பாரின் அமைப்பைத் தழுவிக் காற்றுத் துப்பாக்கி செய்யத் தொடங்கியது 1905ஆம் ஆண்டளவிலேதான். ஜேர்மனியின் றாஸ்ரற் நகரிலே ‘டயானா’த் துப்பாக்கிகளைச் செய்த நிறுவனமோ 1890இல் தோன்றியது.

இவ்வகைத் துப்பாக்கியில் ரவையைத் தள்ளுவது வில் என்றே பலரும் எண்ணுகின்றனர். அது பிழை. வில் தள்ளுவது உருளைக்குள் இருக்கும் முசலத்தை, அதாவது பிஸ்டனை. முசலம் தன் முன்னேயுள்ள காற்றைக் கண்ணிமைக்கும் நேரத்துக்குள் நெருக்குகின்றது. நெருங்கிய காற்று பல நூறு பாகை வெப்பமடைந்து, ரவையைக் குழல்வழியே உந்துகின்றது. வில்லிற் சேமித்த சக்தியில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கே ரவையைச் சென்றடையும். எஞ்சியது அதிர்விலும் வெப்பத்திலும் ஒழிந்துபோம்.

ஆகவே இரு துப்பாக்கிகளை ஒப்பிடும்போது வில்லின் தடிப்பை மட்டும் பார்த்தாற் போதாது. முசலம் எவ்வளவு காற்றைத் திரட்டுகின்றது என்பதையும் பார்த்தல் வேண்டும். இங்கேதான் நம் மலைநாட்டுக்கே உரிய சங்கதியொன்று வந்து புகுகின்றது. நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கின்றது. காற்றமுக்கம் அங்கே கொழும்பில் உள்ளதன் ஐந்தில் நான்கு பங்கே. குளிர் ஓரளவு ஈடுசெய்தாலும், அதே உருளையில் ஆறில் ஐந்து பங்கு காற்றுத்தான் அடங்கும். கொழும்பிற் சீராக இயங்கும் துப்பாக்கி நுவரெலியாவிலே சற்று வலுக் குன்றுவதும், முசலம் உருளையின் முகப்பிலே கடுமையாக மோதுவதும் இதனாலேயாம். வலுவான வில்லைப் பூட்டினால் அந்த மோதலே மிகும், குறி தவறும், தொலைநோக்கியும் பழுதாகும்.

தேங்காயெண்ணெய் இரண்டு துளி விட்டால் வெடி பலக்கும் என்று யாரோ அவனுக்குச் சொல்லியிருந்தனர். அதில் உண்மை இல்லாமலில்லை. கார்டியூ என்னும் ஆங்கிலேயர் காற்றுக்குப் பதில் நைதரசனை நிரப்பிச் சுட்டுப் பார்த்தபோது ரவையின் வேகம் பெரிதும் குறைந்தது. அதாவது, சாதாரணமாகச் சுடும்போதே உருளையிலுள்ள எண்ணெய்ப் பசையிற் சிறிது எரிகின்றது. ஆனால் எண்ணெய் மிகுந்தால் அது வெடித்து முசலத்தைப் பின்னே எறியும், வில் முறியும். நம் மாணவன் இதைக் கேட்டதும் தலையைக் குனிந்துகொண்டான். வில் ஏற்கெனவே ஒருமுறை முறிந்து மாற்றப்பட்டதாம்!

ஒப்பிட்டுப் பார்க்கும் வழியை அவனுக்குக் காட்டினோம். 1742இல் பெஞ்சமின் றொபின்ஸ் எழுதிவைத்த முறைதான் அது. அரைக் கிலோ களிமண் கட்டியை ஒரு மீற்றர் நூலிலே தொங்கவிட்டு, அருகிலிருந்து சுட வேண்டும். அரைக் கிராம் ரவை பட்டுக் கட்டி 6 சென்ரிமீற்றர் விலகினால், ரவையின் வேகம் செக்கனுக்கு 188 மீற்றர் என்றும், சக்தி 9 யூலுக்குச் சற்றுக் குறைவு என்றும் கணக்கிடலாம். ஜேர்மனியில் அனுமதிப்பத்திரமின்றி வைத்திருக்கத்தக்க எல்லை 7.5 யூல், இங்கிலாந்திலே ஏறத்தாழ 16.

முதல்நாட் சோதனையில் ஜேர்மன் துப்பாக்கி வென்றது. பின்னர் ஆங்கிலத் துப்பாக்கியின் காய்ந்துபோன தோல் வாசரை மாற்றி, வில்லின் முனைகளைத் தேய்த்து மழுக்கி, சிறிது கிறீஸ் பூசினோம். அவ்வளவே. பழையது ஏறக்குறைய புதியதை எட்டிப் பிடித்துவிட்டது; சுடும்போது எழுந்த கிணுகிணுப்பும் அடங்கிற்று.

இவ்வளவு வலு எதற்கு என்று கேட்டோம். பேரிக்காய் மரத்துக்கு வரும் கொண்டைக்குருவிகளுக்காம். இலங்கையையன்றி வேறெங்கும் காணக் கிடையாத மஞ்சட்காதுக் கொண்டைக்குருவியைப் பார்க்க வெளிநாட்டார் விக்ரோறியாப் பூங்காவரை வருகின்றனர். இவன் அதனைச் சுடப் புறப்பட்டிருக்கின்றான்! இன்னொன்றையும் அவன் எண்ணவில்லை. மேல்நோக்கிச் சுட்ட ரவை முந்நூறு மீற்றர் வரையும் போகக்கூடும். சரிவிலே கொழுந்து பறிப்போரின் தலைகள் தேயிலைக்கு மேலே தெரிவது அவ்வளவு தூரத்துக்குள்ளேதான். கண்ணிலே பட்டால், வேகம் தேய்ந்த ரவையும் போதும்.

அடுத்த விடுமுறையில் அவன் லயத்துக்குப் பின்னாலுள்ள மண்மேட்டில் தகர மூடியொன்றை நாட்டினான். ஒலிம்பிக்கில் 1984 முதல் காற்றுத் துப்பாக்கிப் போட்டிகள் நடக்கும் அதே பத்து மீற்றர் தூரத்தை அடியளந்து குறித்துக்கொண்டான். பத்து ரவைகளில் ஏழு மூடியிலே பட்டனவென்று எழுதியிருக்கின்றான்.