பாட்டி வீட்டுக்கு ஒரு பஸ் கம்பி!

செமஸ்டர் லீவுக்கு ஊருக்குக் கிளம்பியாச்சா பாஸ்? பாட்டி சுட்ட முறுக்கை ஒரு கை பார்க்கிறதுக்கு முன்னாடி, அவங்க பாத்ரூமை ஒரு லுக் விட்டுட்டு வாங்க. மேட்டர் சீரியஸ்!

பிள்ளைங்க பெங்களூரு, துபாய்னு செட்டிலாகிட, ‘என் வீட்டை விட்டு வரமாட்டேன்’னு கெத்தா தனியா வாழுற தாத்தா, பாட்டிகள் நம்ம ஊர்ல எக்கச்சக்கம். அந்த கெத்துக்குப் பெரிய வில்லன், கீழே விழுறதுதான். உலகம் முழுக்க வருஷத்துக்குச் சுமார் 6,84,000 பேர் விழுந்து இறக்கிறாங்கன்னு சொல்லுது உலக சுகாதார நிறுவனம். அதில் அதிகம் பாதிக்கப்படுறது 60 வயசைத் தாண்டினவங்க.

‘வயசாச்சு, விழுந்துட்டாங்க’ன்னு ஈஸியா முடிச்சிடுறோம். லேப்ல ஒரு மெஷின் பழுதானா அப்படியா விடுறோம்? காரணத்தை நோண்டிட மாட்டோம்!

ராத்திரி ரெண்டு மணி. பி.பி. மாத்திரை, தூக்க மாத்திரை ரெண்டும் உடம்புக்குள்ள இருக்கு. அவசரமா பாத்ரூம் போகணும். படக்குனு எழுந்ததும் பி.பி. இறங்கித் தலை சுத்துது. கண்ணுல புரை. லைட் சுவிட்ச் ரூமோட அந்தக் கோடியில. வாசல்ல பழைய புடவையை மடிச்சுப் போட்ட மிதியடி, கால்ல தேய்ஞ்ச ரப்பர் செருப்பு, உள்ளே ஈர டைல்ஸ். சறுக்கினதும் கை தேடுறது டவல் ராடை. ரெண்டு குட்டி ஸ்க்ரூவுல நிக்கிற அது துண்டைத்தான் தாங்கும், அறுபது கிலோ பாட்டியை இல்லை. இதுல ஒண்ணு ரெண்டு மட்டும்னா சமாளிச்சிருப்பாங்க. எல்லாம் சேர்ந்தா...?

பஸ்ல பிடிச்சுக்கிட்டு நிப்போமே, அதுமாதிரி கெட்டியான கைப்பிடிக் கம்பி ஹார்டுவேர் கடையில கிடைக்கும். டைல்ஸோட நிறுத்தாம, செங்கல் சுவர் வரை துளை போட்டு போல்ட் அடிக்கணும். மிதியடிக்கு குட்பை. கட்டிலுக்குப் பக்கத்துல கைக்கு எட்டுற மாதிரி ஒரு லைட். பாத்ரூமுக்கு வெளியில இருந்தும் திறக்கிற தாழ்ப்பாள். மாத்திரையை நீங்களா நிறுத்திடாதீங்க சாமி! மொத்த மாத்திரைச் சீட்டையும் டாக்டர்கிட்ட காட்டி, ‘இதுல எது தலை சுத்த வைக்கும்?’னு கேளுங்க.

ஒரு குட்டி டெஸ்ட்டும் இருக்கு. நாற்காலியில இருந்து எழுந்து, மூணு மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்காரச் சொல்லுங்க. கூடவே நீங்களும் போங்க. 12 விநாடி அல்லது அதுக்கு மேல ஆனா, விழுற ஆபத்து இருக்குன்னு டாக்டர்கள் கணக்கு.

ஆனா கஷ்டமான வேலை இதெல்லாம் இல்லை, பாட்டியைப் பேச வைக்கிறது! ஒருதடவை விழுந்தவங்க மறுபடி விழ வாய்ப்பு அதிகம். பயந்து நடையைக் குறைச்சா கால் இன்னும் பலம் இழக்கும். ஆனா விழுந்ததை மூச்சு விட மாட்டாங்க. முழங்கையில காயமா? ‘கதவுல இடிச்சுக்கிட்டேன்டா’ம்பாங்க. சொன்னா அடுத்த வாரமே வீட்டைப் பூட்டிக் கூட்டிட்டுப் போயிடுவாங்கன்னு பயம். நியாயமான பயம்தானே? அதனால கேட்டதும் அப்பாவுக்கு போன் போட்டுப் பதற வைக்காதீங்க. ‘எங்கே சறுக்குச்சு பாட்டி, காட்டு’ன்னு கூடவே போய்ப் பாருங்க. காட்டின இடத்துல கம்பியை மாட்டுங்க.

‘நல்லா இருக்குற சுவத்துல எதுக்குடா ஓட்டை போடுறே?’ன்னு திட்டு விழும். விழட்டும்!