மூன்றாவது கரெக்‌ஷனுக்குப் பிறகு

ஃப்ரீலான்ஸ் கிராஃபிக் டிசைனர்களுக்குச் சொல்லப்படும் அறிவுரைகள் பெரும்பாலும் மனசைப் பற்றியவை. காலாற நடந்துவிட்டு வாருங்கள், நல்ல இசை கேளுங்கள், கோயில் சிற்பங்களைப் பாருங்கள், தினமும் ஒரு பக்கம் கிறுக்குங்கள். தப்பில்லை. ஆனால் கற்பனை வறண்டுபோவது டிசைனரின் தலைக்குள் மட்டும் நடக்கிற கோளாறு என்ற நினைப்பு இந்த அறிவுரைகளுக்கு அடியில் இருக்கிறது. மாதச் சம்பளம் இல்லாமல், வீட்டின் ஒரு மூலையில் கம்ப்யூட்டரும் போனுமாக உட்கார்ந்து, கல்யாணப் பத்திரிகை, ஜவுளிக்கடை நோட்டீஸ், மசாலா பாக்கெட், புத்தக அட்டை, இன்ஸ்டாகிராம் போஸ்ட் என்று மாறி மாறிச் செய்கிறவரின் ஒரு வாரத்தைக் கூர்ந்து கவனித்தால் கதை வேறாக இருக்கும். என்ன வேண்டும் என்று தெளிவாகச் சொன்னார்களா, எத்தனை முறை மாற்றித் தருவது, யார் ஓகே சொல்ல வேண்டும், பணம் எப்போது வரும். இந்த நான்கையும் பேசாமல் ஒப்புக்கொண்ட வேலையில்தான் கற்பனை முதலில் சாகிறது. ஆகவே படைப்பூக்கத்தைக் காப்பாற்ற நினைக்கும் ஃப்ரீலான்ஸர் முதலில் சரிசெய்ய வேண்டியது தன் மனநிலையை அல்ல, வேலையை வாங்கும் விதத்தை என்பது என் கட்சி.

இதற்கு ஆதாரம் உண்டு. படைப்பூக்கத்தைப் பல்லாண்டுகள் ஆராய்ந்த அமெரிக்க உளவியலாளர் தெரேசா அமாபில், சக ஆய்வாளர்களோடு சேர்ந்து 23 தொழில்முறை ஓவியர்களிடமும் சிற்பிகளிடமும் ஒரு காரியம் கேட்டார். அவரவர் படைப்புகளிலிருந்து, பிறர் காசு கொடுத்துச் செய்யச் சொன்னவை பத்து, தாமாகச் செய்தவை பத்து என்று எடுத்துத் தரச் சொன்னார். எது எந்த வகை என்று தெரியாத வல்லுநர்கள் அவற்றை மதிப்பிட்டார்கள். கைத்திறனில் இரண்டுக்கும் வித்தியாசமில்லை. படைப்பூக்கத்தில் மட்டும் காசுக்குச் செய்தவை பின்தங்கின. இந்த ஆய்வைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் இங்கேயே நிறுத்தி, காசு வந்தால் கலை போச்சு என்று முடித்துவிடுவார்கள். அதன் மறுபாதிதான் நமக்கு முக்கியம். கட்டளையாக வந்த வேலைகளிலேயே, இது என் கையைக் கட்டுகிறது என்று கலைஞர் உணர்ந்தவையும் உண்டு. இது எனக்கு வழி திறந்துவிடுகிறது என்று உணர்ந்தவையும் உண்டு. இரண்டாம் வகை, மதிப்பீட்டில் மேலே வந்தது. இரண்டிலும் காசு இருந்தது. மாறியது காசோடு வந்த நிபந்தனை.

கையைக் கட்டும் நிபந்தனை எப்படி இருக்கும் என்பதற்கு ஒரு கல்யாணப் பத்திரிகையைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். வாட்ஸ்அப்பில் செய்தி வருகிறது: சிம்பிளா இருக்கணும், ஆனா ரிச்சா தெரியணும். கூடவே ஒரு பழைய பத்திரிகையின் மங்கலான போட்டோ. டிசைனர் அளவு பிரித்து, எழுத்து தேர்ந்து, வரி இடைவெளி சரிபார்த்து அனுப்புகிறார். தமிழில் வரி இடைவெளி சின்ன விஷயமில்லை. மேல் வரியில் ‘பூ’வின் கால் கீழே இறங்கும், கீழ் வரியில் ‘கீ’யின் கொக்கி மேலே ஏறும், இரண்டும் முட்டிக்கொள்ளாமல் பார்க்க வேண்டும். அடோபி மென்பொருளில் செட்டிங் சரியில்லை என்றால் ‘கொ’வின் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். இத்தனையும் முடிந்து ப்ரூஃப் போன பிறகு, தாய்மாமன் பெயர் விட்டுப்போச்சு என்று போன். ஒரு வரி நுழைந்தால் பக்கம் முழுவதும் நகரும். அடுத்த நாள் மாப்பிள்ளை வீட்டார் பார்த்துவிட்டு, எங்கள் பக்கத்துப் பெயர்கள் சிறிதாகத் தெரிகின்றன என்கிறார்கள். அதற்கும் அடுத்த நாள் பெண்ணின் அண்ணன் கலரை மாற்றச் சொல்கிறார். மூன்றாவது கரெக்‌ஷனுக்குப் பிறகு டிசைனர் யோசிப்பதில்லை, சொன்னதைச் செய்கிறார். நான்காவதில் எதைச் செய்தால் இவர்கள் விடுவார்கள் என்று கணக்குப் போடுகிறார். அடுத்த பத்திரிகைக்கு அவர் புதிதாக எதையும் முயல மாட்டார்; போன தடவை ஓகே ஆன ஃபைலைத் திறந்து பெயரை மாற்றுவார். வெளியிலிருந்து பார்க்கிறவர் இதைச் சோம்பல் என்பார்.

விவரம் முழுவதையும் எழுத்தில் வாங்கிய பிறகே வேலை தொடங்கும், இரண்டு கரெக்‌ஷன் விலைக்குள் அடக்கம், மூன்றாவதிலிருந்து தனிக் கட்டணம், முடிவு சொல்பவர் ஒரே ஆள் என்று முதலிலேயே பேசியிருந்தால் இந்தக் கூத்தில் பாதி நடந்திருக்காது. இப்படிச் சட்டதிட்டம் போட்டால் கலை இறுகிப்போகாதா என்று கேட்பவர்கள் உண்டு. எல்லை வேறு, இழுபறி வேறு. கோவில்பட்டியில் இருந்து காலண்டர் படங்கள் வரைந்த சி. கொண்டையராஜுவை நினைத்துப் பார்க்கலாம். முருகனுக்கு வேல், மயில், முகபாவம் எல்லாம் மரபு வகுத்தவை. படத்தைச் சிவகாசி அச்சகம் அச்சடிக்க வேண்டும்; கடைக்காரரின் பெயருக்கும் தேதித் தாளுக்கும் கீழே இடம் விட வேண்டும். இதைவிட இறுக்கமான பிரீஃப் இருக்க முடியாது. அதற்குள் நின்றுதான் அவரும் அவருடைய மாணவர்களும், தமிழ் வீடுகளின் பூஜை அறையில் தெய்வம் எப்படித் தெரியும் என்பதையே தீர்மானித்தார்கள். அந்த எல்லைகள் வேலை தொடங்குமுன்பே தெரிந்தவை. பாதி வழியில் முளைக்கும் எல்லைதான் ஆளைக் கொல்லும்.

அடுத்தது விலை. 1971-ல் அமெரிக்காவின் போர்ட்லாண்டில் டிசைன் படித்துக்கொண்டிருந்த கேரலின் டேவிட்சன், மணிக்கு 2 டாலர் என்று பேசி நைக்கியின் வளைகோட்டுச் சின்னத்தை வரைந்தார். பதினேழரை மணி நேரம், 35 டாலர் பில். (1983-ல் அந்த நிறுவனம் அவருக்கு ஒரு மோதிரமும் பங்குகளும் கொடுத்தது, அது அவர்களின் பெருந்தன்மை, அவருடைய உரிமை அல்ல.) மணிக்கணக்கில் விலை வைப்பதில் ஒரு விபரீதம் உண்டு: அனுபவம் கூடக் கூட வேலை சீக்கிரம் முடியும், கூலி குறையும். எதிர்முனையில் பால் ராண்ட் இருக்கிறார். 1986-ல் ஸ்டீவ் ஜாப்ஸின் நெக்ஸ்ட் நிறுவனத்துக்கு லோகோ செய்ய 1,00,000 டாலர் வாங்கினார். நாலைந்து மாதிரி காட்டுங்கள் என்று ஜாப்ஸ் கேட்டபோது மறுத்துவிட்டார். ஒரே ஒரு லோகோ, அது ஏன் அப்படி இருக்கிறது என்று விளக்கும் ஒரு புத்தகம், அவ்வளவுதான். அவர் பால் ராண்ட், நாம் யார் என்பது நியாயமான கேள்வி. தெருமுனையில் இருக்கும் டிசைனர் இப்படிப் பேசினால் பார்ட்டி அடுத்த கடைக்குப் போய்விடுவார். ராண்டிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது அந்தத் தொகையை அல்ல. எத்தனை மாதிரி தரப்படும் என்பதை வேலைக்கு முன்பே தீர்த்துக்கொண்டாரே, அதை. ஐந்து மாதிரி காட்டுகிறவர் ஐந்திலும் அரை மனதாகத்தான் யோசித்திருப்பார். ஒன்றோ இரண்டோ என்று சொல்லி, பாதி அட்வான்ஸ் கேட்டால் சிலர் போகத்தான் செய்வார்கள். ஆனால் முதலில் போகிறவர்கள் யார் என்று கவனித்தால், பெரும்பாலும் ஏழாவது கரெக்‌ஷன் கேட்கக்கூடியவர்கள்தான்.

இன்னும் கூர்மையான ஆட்சேபம் மில்டன் கிளேசரிடமிருந்து வருகிறது. ‘ஐ லவ் நியூயார்க்’ என்ற, சிவப்பு இதயம் போட்ட அந்தச் சின்னத்தை 1977-ல் அவர் காசு வாங்காமல் செய்து கொடுத்தார். டாக்ஸியில் போகும்போது கையில் கிடைத்த காகிதத்தில் கிறுக்கியது. ஒப்பந்தமும் அட்வான்ஸும்தான் கற்பனையைக் காக்கும் என்றால் இது எப்படி வந்தது? கிளேசர் தன் நகரத்துக்காக இலவசமாகச் செய்வதென்று தானே முடிவெடுத்தார். கடைசியில் பணம் தராமல் இழுத்தடித்து இலவசமாக்கப்படவில்லை. ஊர்த் திருவிழாவுக்கோ நண்பரின் முதல் கவிதைத் தொகுப்புக்கோ ஒரு டிசைனர் சும்மா செய்து கொடுத்தால் அங்கே அவர் கை சுதந்திரமாகவே ஓடும். டிசைனைப் பார்த்துட்டுப் பேசிக்கலாம் என்று சொல்லி வாங்கப்படும் இலவசம் வேறு சாதி.

நேரமும் நிபந்தனைதான். சாயங்காலத்துக்குள் வேண்டும் என்று காலையில் வரும் வேலைக்கு எல்லோரும் முதலில் செய்வது பின்ட்ரெஸ்ட்டைத் திறப்பது. டேவிட் ஜான்சன், ஸ்டீவன் ஸ்மித் இருவரும் 1991-ல் வெளியிட்ட ஆய்வு இங்கே பொருந்தும். ஒரு பொருளை வடிவமைக்கச் சொல்லி, சிலருக்கு மட்டும் ஒரு மாதிரிப் படத்தைக் காட்டினார்கள். பார்த்தவர்களின் வரைபடங்களில் அந்த மாதிரியின் குறைகள்கூட அப்படியே வந்து உட்கார்ந்தன. பொறியியல் படித்தவர்களும் அனுபவசாலிகளும் இதற்குத் தப்பவில்லை. எல்லாக் காபி கடைகளின் லோகோவும் ஒரே வட்டத்துக்குள் ஒரே கோப்பையாக இருப்பதற்கு டிசைனர்களின் திறமையின்மையைக் காரணம் சொல்வது அநியாயம். முதலில் கையால் பத்துக் கிறுக்கல், அப்புறம்தான் மற்றவர்களுடையதைப் பார்ப்பது என்ற வரிசை உதவும். அந்த வரிசைக்கு ஒரு முழு நாளாவது வேண்டும். நாளைக் கேட்டு வாங்குவதும் டிசைன் வேலையில் சேர்த்திதான். கேன்வாவும் ஏஐயும் வந்த பிறகு இதெல்லாம் எடுபடுமா என்றால், ஒரு மணி நேரத்தில் முடிகிற, யார் செய்தாலும் ஒன்றாக இருக்கிற வேலையை அவை எடுத்துக்கொண்டுதான் விட்டன. அதைத் திரும்பப் பிடிக்க விலையைக் குறைத்துப் பயனில்லை. இந்த மசாலா பாக்கெட் கிராமத்து மளிகைக் கடையில் சரமாகத் தொங்கும்போது பெயர் எந்தப் பக்கம் தெரிய வேண்டும் என்று கேட்கிற ஆளாக இருப்பதுதான் மிச்சமிருக்கும் இடம்.

உரிமை, பணம் இரண்டிலும் சட்டம் பலர் நினைப்பதைவிட டிசைனர் பக்கம் இருக்கிறது. 1957-ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டப்படி உரிமையை மாற்றித் தருவது எழுத்தில்தான் இருக்க வேண்டும். எத்தனை ஆண்டுக்கு என்று எழுதாவிட்டால் ஐந்தாண்டு என்றே கொள்ளப்படும். லோகோவை ஒரேயடியாக விற்கிறோமா, குறிப்பிட்ட காலத்துக்குத் தருகிறோமா என்பதை எழுதிக்கொள்ள ஒரு பக்கத் தாள் போதும். உத்யம் தளத்தில் சிறு தொழிலாகப் பதிவு செய்யக் கட்டணமில்லை. வேலை கொடுப்பதற்கு முன்பே பதிந்திருந்தால், 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள் சட்டப்படி வாங்கியவர் 45 நாளைத் தாண்டிப் பணத்தை நிறுத்தி வைக்க முடியாது. தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வட்டியைப் போல மூன்று மடங்கு, அதுவும் கூட்டு வட்டி. அதே ஊரில் தினமும் முகம் பார்க்கிற ஜவுளிக்கடை முதலாளிமேல் யார் போய் வழக்குப் போடப்போகிறார்கள்? யாரும் மாட்டார்கள், போடவும் வேண்டாம். உத்யம் எண்ணையும் இந்த 45 நாள் கணக்கையும் பில்லின் அடியில் ஒரு வரியாக அச்சடித்துக் கொடுத்தால் போதும். கடைக் கணக்கரின் கோப்பில் அது மற்ற பில்களுக்கு மேலே வந்துவிடும்; டிசைனரும் பாக்கி கேட்டுப் போன் போடும் நேரத்தில் அந்தப் பத்துக் கிறுக்கலைக் கிறுக்கலாம்.