பெட்டை என்னும் சொல்

வன்னிப் பெருநிலத்திலே வயல்வரம்பிலும் குளக்கட்டிலும் அன்றாடம் கேட்கும் சொற்களுள் ‘பெட்டை’ என்பது ஒன்று. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா என்னும் இடங்களில், பேத்தியை “எங்கடை பெட்டை” என்று அன்பொழுகக் கூறும் பாட்டியர் இன்றும் உளர். அச்சொல்லையே மாணவியொருத்தி தன் கட்டுரையில் எழுதுவாளாயின், இழிசொல்லென ஆசிரியர் அடித்துவிட்டுச் ‘சிறுமி’ எனத் திருத்துவர். இல்லத்தில் அன்பும் பள்ளியில் இழிவும் பெறும் இச்சொல்லின் உண்மை நிலையை ஈண்டு ஆராய்வாம்.

பெட்டை என்பது மிகப் பழைய சொல். தொல்காப்பிய மரபியல் பெண்மைப் பெயர்களைத் தொகுக்குமிடத்துப் பேடை, பெடை, பெட்டை, பெண் என்பவற்றை அடுத்தடுத்து நிறுத்துகின்றது. ஒட்டகம், குதிரை, கழுதை, மரை ஆகியவற்றுக்கும் புள்ளினத்துக்கும் பெட்டை என்னும் பெயரை அது உரிமையாக்கும். விலங்கின் பெயரை மகளிர்க்கு இடுதல் இழிவு என்பார் கூற்றுக்கு அடிப்படை இதுவே.

சொல்வடிவை நோக்கின், இந்நான்கும் ஓரடியிற் பிறந்த உறவுச் சொற்கள் என்பது புலனாகும். தெலுங்கிலும் பெட்டைக்கோழி ‘கோடிபெட்ட’ எனப்படும். தமிழகப் பேச்சில் பெண் ‘பொண்ணு’ என்றும், பெட்டி ‘பொட்டி’ என்றும் திரிந்தவாறே பெட்டையும் ‘பொட்டை’ ஆயிற்று. ஈழத்து வழக்கோ பழைய எகரத்தைக் காத்து நின்றது. அதற்கு இணையாக வழங்கும் ‘பெடியன்’ என்பது பொடியன் என்பதன் திரிபு. பெடியன் சிறுமை பற்றி வந்த பெயர். பெட்டை பெண்மை பற்றி வந்த பெயர்.

இனி, இழிவென்னும் கூற்றை ஆராய்வாம். வன்னியில் ஒரு பெண்ணை மதிப்போடு விளிப்பவர் ‘பிள்ளை’ என்பர். அச்சொல்லும் மரபியலில் பறவை முதலியவற்றின் இளமைப் பெயரே. மக்கட்கு அந்நூல் விதித்தவை குழவி, மகவு என்னும் இரண்டுமே. எனினும் பிள்ளை இன்று மதிப்புப் பெயராயிற்று. குஞ்சு, குட்டி என்று மக்களைக் கொஞ்சுதலையும் எவரும் குறைகூறார். ஆகவே விலங்கின் பெயராயிருந்தமை மாத்திரையானே ஒரு சொல் இழிவடையாது. சொல்வோரின் உறவும் வயதும் குரலுமே அதன் தரத்தை வரையறுக்கும். பாட்டியின் வாயிற் கனியும் அச்சொல், வீதியில் நிற்கும் அயலானின் வாயிற் கடுக்கும். வளர்ந்த பெண்ணை, அதுவும் பணிமனையிலே, அவ்வாறு அழைத்தல் தகாது.

2009ஆம் ஆண்டிலே வன்னி மக்கள் இலட்சக்கணக்கானோர் வீடும் ஏடும் இழந்து வவுனியா முகாம்களை அடைந்தனர். மீண்டும் ஊர் திரும்பியபோது அவர்கள் இழவாது கொணர்ந்த செல்வங்களுள் பேச்சும் ஒன்று. அதில் ஒரு சொல்லைச் சிவப்பு மையால் அடிக்குமுன், அது எங்கிருந்து வந்தது, எங்கே பொருந்தும் என்பவற்றை மாணவிக்கு எடுத்துரைத்தல் ஆசிரியர் கடன். கட்டுரையிலே சிறுமி என எழுதட்டும். தன் பாட்டி அழைத்த பெயருக்காக அவள் நாணவேண்டுவதில்லை.