ஆதரவு விலையும் சிட்டா நூலும்

பெரம்பலூர்க் கரிசலில் பருத்தி பயிரிடுவோர் பருத்தி விலை உயர வேண்டுமென்பர். அரியலூர்ப் பகுதித் தறிக்காரர் நூல் விலை தாழ வேண்டுமென்பர். தனித்தனியே மனுச் செய்தால் ஒன்றை மற்றொன்று வெட்டும். இரு மாவட்டச் சங்கத்தினரும் கூடிப் பொதுக் கோரிக்கை வகுப்பின், பருத்திக்கு ஆதரவு விலைக் கொள்முதலையும் சிட்டா நூலுக்கு மானியத்தையும் ஒருங்கே கேட்கலாம்; இடையிலுள்ள வேறுபாட்டை அரசு ஏற்பதே நியாயம்.

1844இல் இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் நெசவாளர் உள்ளிட்ட 28 பேர் தொடங்கிய சங்கம், ஆண் பெண் பேதமின்றி ஆளுக்கொரு வாக்கு அளித்தது. 1995இல் மான்செஸ்டரில் கூடிய உலகக் கூட்டுறவாளர், சமுதாயத்தின்பால் அக்கறையை ஏழாம் கொள்கையாக்கினர்.

அவ்வழி நிற்கும் நாம், தார் சுற்றும் பெண்டிரையும் பருத்தி எடுக்கும் கூலியாட்களையும் அக்கூட்டத்தில் அமர்த்திப் பேசச் செய்தல் வேண்டும். அவர்தம் கூலியைக் குறிக்காத மனு நம் எல்லோருடைய மனுவும் ஆகாது.