உங்களுக்குத் தெரியுமா? தாய் நின்றாலும் சேய் நிற்பதில்லை

டென்மார்க்கின் ரெக்னெசென்ட்ராலன் நிறுவனத்தில் பெர் பிரிஞ்ச் ஹான்சன் குழுவினர் 1969இல் உருவாக்கிய ஆர்சி 4000 கணினியின் இயக்க முறைமையில், ஒரு தாய்ச் செயல்முறை, அதாவது பிறவற்றைத் தோற்றுவித்த நிரலோட்டம், தன் சேயை நிறுத்தினால் அதன் வழிவந்த அனைத்தும் சேர்ந்தே நின்றன. யூனிக்ஸ் இயக்க முறைமையில் அந்த நல்லொழுங்கு இல்லை: 'கில்' கட்டளை அனுப்பும் 'டெர்ம்' சமிக்ஞை, அதாவது நிறுத்தக் கோரும் அறிவிப்பு, சுட்டிய செயல்முறையை மட்டுமே அடைவதால், கட்டளைகளை வாசித்து இயக்கும் ஷெல்லுக்கான நிரலின் முன்னணியில், 300 விநாடி சும்மா காத்திருக்கும் 'ஸ்லீப் 300' கட்டளை ஓடும்போது, சமிக்ஞையை எதிர்கொள்ள எழுதிய 'டிராப்' வரி அந்த ஐந்து நிமிடமும் கழியும்வரை காத்துக் கிடக்கிறது. பழுதெனப் பலரும் கருதும் இத்தாமதம் ஷெல்லின் விதியே. கட்டளையைப் பின்னணியில் ஓடவிட்டு 'வெயிட்' மூலம் காத்திருந்தால், சமிக்ஞை வந்ததும் 'வெயிட்' 128ஐ விஞ்சிய எண்ணுடன் திரும்ப, 'டிராப்' உடனே இயங்கும். எனினும் பின்னணியில் எஞ்சும் 'ஸ்லீப்'பை அந்த 'டிராப்' வரியே தனியாக நிறுத்த வேண்டும்.