வியாகுல மாதாவும் எமது கண்ணீரும்

தவக்காலம் தொடங்கிவிட்டால் மன்னார், யாழ்ப்பாணக் கரையோரங்களில் உள்ள கத்தோலிக்கக் கிராமங்களின் கோயில்களிலிருந்து ஒரு குரல் எழும். அது பாட்டும் அல்ல, வெறும் வாசிப்பும் அல்ல. செத்த வீட்டில் கேட்கும் ஒப்பாரியின் இழுவை அதில் இருக்கும். இயேசுவின் பாடுகளையும் அவரைப் பெற்றவளின் துயரத்தையும் சொல்லும் 'வியாகுலப் பிரசங்கம்' அது. கேட்டிருக்கும் பெண்கள் சேலைத் தலைப்பால் கண்களைத் துடைத்துக்கொள்வார்கள்.

அவர்கள் மரியாளுக்காக மட்டுமா அழுகிறார்கள்? கடலுக்குப் போய்த் திரும்பாத கணவன், ஷெல் வீச்சில் பலியான பிள்ளை, விசாரணைக்கென்று கூட்டிச் செல்லப்பட்டு வீடு வராத மகன் என்று ஒவ்வொருத்தியின் நெஞ்சிலும் ஒரு முகம் இருக்கிறது. மற்ற நாட்களில் 'இன்னும் அழுகிறாயா?' என்று கேட்கும் ஊர், அந்த நாட்களில் மட்டும் அப்படிக் கேட்பதில்லை. ஒரு பெண் பலர் முன்னிலையில் அழுவதற்கு ஆண்டுதோறும் ஓர் இடத்தையும் காலத்தையும் சொற்களையும் ஒதுக்கிக் கொடுத்தது, கத்தோலிக்க சமயம் எமது பண்பாட்டுக்குத் தந்த பெரும் கொடைகளுள் ஒன்று எனலாம்.

மறைந்து வாழ்ந்த காலம் தந்த இலக்கியம்

போர்த்துக்கேயர் காலத்தில் இங்கு வேரூன்றிய கத்தோலிக்கம், 1658இல் யாழ்ப்பாணம் ஒல்லாந்தர் வசமானதும் தடைசெய்யப்பட்டது. குருமார் வெளியேற்றப்பட்டனர். குருவுக்கு அடைக்கலம் கொடுப்போருக்கு மரண தண்டனை என்று அறிவிக்கப்பட்டது. கோயில்களை ஒல்லாந்தர் தமது சபைக்கு எடுத்துக்கொண்டனர். அதன் பின்னர் செபங்கள் வீடுகளுக்குள்ளேயே உயிர்வாழ்ந்தன. வீட்டுச் செபத்தைப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுப்பவள் தாய்தானே.

1687இல் கோவாவைச் சேர்ந்த யோசப் வாஸ் அடிகளார் ஏழைக் கூலியாளின் கோலத்தில் இலங்கைக்குள் வந்தார். சில்லாலை மக்கள் அவரை ஏற்று மறைத்து வைத்துக் காத்தனர். 2015 ஜனவரியில் கொழும்பில் புனிதராக உயர்த்தப்பட்டவர் இவரே.

இவரது வழியில் 1705இல் வந்தவர் யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார். அவரும் கோவாவைச் சேர்ந்தவர். தமிழையும் சிங்களத்தையும் கற்று இரு மொழிகளிலும் நூல்கள் எழுதி, 1742இல் இந்த மண்ணிலேயே மறைந்தார். அன்று குருமார் மிகச் சிலர். குரு வராத ஊரில் மூப்பரோ அண்ணாவியாரோ மக்களைக் கூட்டி வாசிப்பதற்குப் புத்தகம் வேண்டியிருந்தது. வியாகுலப் பிரசங்கம் அத்தகைய தேவைக்கு உதவிய நூலாகும். பாடுகளைப் பற்றி அவர் சிங்களத்திலும் எழுதினார். நீர்கொழும்பில் அழும் சிங்களத் தாயும் பேசாலையில் அழும் தமிழ்த் தாயும் ஒரே மனிதர் எழுதிய சொற்களைக் கேட்டே அழுது வந்திருக்கிறார்கள் என்பது எண்ணிப் பார்க்க வேண்டியது.

இந்த மரபிலிருந்து பசாமும் பாடுகளின் நாடகங்களும் வளர்ந்தன. 'பசாம்' என்பதே பாடுகளைக் குறிக்கும் போர்த்துக்கேயச் சொல்லில் இருந்து வந்ததுதான். கதிரை, அலமாரி, சப்பாத்து என்று வீட்டுக்குள் புழங்கும் சொற்களோடு துயரத்துக்கான ஒரு சொல்லும் அந்த மொழியிலிருந்து வந்து எம்மிடம் தங்கிவிட்டது. 1965இல் மரியசேவியர் அடிகளார் தொடங்கிய திருமறைக் கலாமன்றம், பாடுகளின் நாடகத்தைப் பெரிய அரங்கிற்குக் கொண்டுவந்தது. போர்க்காலத்திலும் அதன் கலைப்பணி தொடர்ந்தது.

ஏழு துயரங்கள்

மரியாளின் துயரங்களை ஏழாக எண்ணிச் செபிப்பது கத்தோலிக்க மரபு. செப்டெம்பர் 15ஆம் திகதி வியாகுல மாதாவின் திருநாள்.

கைக்குழந்தையோடு நிற்கும்போதே, உன் உள்ளத்தை ஒரு வாள் ஊடுருவும் என்று முதியவர் ஒருவர் சொல்வது முதல் துயரம். பிள்ளையைக் கொல்லத் தேடுகிறார்கள் என்று அறிந்து இரவோடிரவாக எகிப்துக்கு ஓடுவது இரண்டாவது. பன்னிரண்டு வயது மகனைத் தவறவிட்டு மூன்று நாள் தேடியலைவது மூன்றாவது. சிலுவை சுமந்து போகும் மகனை வழியில் காண்பது நான்காவது. அவன் சாவதைப் பார்த்து நிற்பது ஐந்தாவது. இறக்கிய உடலை மடியில் வாங்குவது ஆறாவது. அடக்கம் செய்வது ஏழாவது.

எமது பெண்களுக்கு இவை புத்தகத்தில் படித்துத் தெரியவேண்டியவை அல்ல. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இரவில் ஓடியவர்கள் நாங்கள். முகாம் முகாமாகத் தேடியவர்கள் நாங்கள். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மாருக்குக் கடைசி இரண்டு துயரங்களும் கூடக் கிடைக்கவில்லை. மடியில் வாங்க உடலும் இல்லை, மெழுகுதிரி ஏற்றச் சேமக்காலையில் ஒரு குழியும் இல்லை. மூன்றாவது துயரத்திலேயே அவர்களுடைய காலம் நின்றுவிட்டது. மரியாள் தேடியது மூன்று நாட்கள். 2009 மே மாதத்தில் பிள்ளையைக் கையளித்துவிட்டு வந்த தாய் இன்னும் தேடுகிறாள்.

இடம்பெயர்ந்த மாதா

மடு மாதாவின் கதையும் ஓர் அகதியின் கதைதான். ஒல்லாந்தர் காலத்தில், 1670ஆம் ஆண்டளவில், மாந்தையிலிருந்த சுரூபத்தை மக்கள் சுமந்துகொண்டு காட்டுக்குள் சென்றதாக வரலாறு கூறுகிறது. போர்க்காலத்தில் அந்தக் கோயில் வளவு ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு அகதி முகாமாயிற்று. 1999 நவம்பரில் அங்கேயே ஷெல் விழுந்து தஞ்சமடைந்திருந்தோர் பலர் இறந்தனர். 2008 ஏப்ரலில் சுரூபம் மறுபடியும் இடம்பெயர்ந்து தேவன்பிட்டிக்குச் சென்று, அவ்வாண்டு ஆகஸ்டில் திரும்பியது. ஆவணித் திருவிழாவுக்கு இந்துப் பெண்களும் சிங்களப் பெண்களும் நேர்த்தி வைத்து வருவதற்குக் காரணம் தேட வேண்டியதில்லை. ஓடித் திரிந்தவளிடம் ஓடித் திரிந்தவள் பேசலாம்.

பொறுமை என்பது மௌனமல்ல

இந்த மரபில் நாம் கவனிக்க வேண்டிய ஓர் ஆபத்தும் உண்டு. 'மாதாவே பொறுத்தாள், நீயும் பொறு' என்று சொல்லி எத்தனையோ பெண்களின் வாயை அடைத்திருக்கிறார்கள். கணவனை இழந்தவளை நல்ல காரியங்களில் ஒதுக்கும்போதும், வீட்டில் அடி வாங்கும் பெண் முறையிட வரும்போதும் இதே வார்த்தை சொல்லப்பட்டது. ஆனால் சுவிசேஷத்தில் மரியாள் சிலுவை அடியில் நிற்கிறாள். சீடர்களில் பெரும்பாலோர் ஓடி ஒளிந்த நேரத்தில், படைவீரர் முன்னால், தண்டிக்கப்பட்டவனின் தாய் நான்தான் என்று காட்டிக்கொண்டு நிற்கிறாள். அப்படி நிற்பதும் ஒரு சாட்சியம்தான்.

எமது இந்துச் சகோதரிகளுக்கும் இது புதிதல்ல. மட்டக்களப்புப் பகுதிக் கோயில்களில் வைகாசிச் சடங்கின்போது கண்ணகி வழக்குரை பாடப்படுகிறது. அவள் அழுதுகொண்டே நீதி கேட்டவள். 1984இல் யாழ்ப்பாணத்தில் அன்னையர் முன்னணியாகத் திரண்ட பெண்களும், 2017 பெப்ரவரியில் கிளிநொச்சி கந்தசுவாமி கோவில் முன்றலில் பிள்ளைகளின் படங்களோடு அமர்ந்த தாய்மாரும் அதே வழியில் வந்தவர்களே. பதில் கிடைக்காமலே கண்மூடிய தாய்மாரும் அவர்களுள் உண்டு.

ஆகவே சகோதரிகளே, எந்தக் கோயிலுக்குப் போகிறவராயினும் அழுவதற்கு வெட்கப்படாதீர்கள். தனியே தலையணைக்குள் அழாமல், அயலில் இருக்கும் இன்னொருத்தியோடு சேர்ந்து அழுங்கள். அவளுடைய பிள்ளையின் பெயரைக் கேளுங்கள். உங்களுடைய பிள்ளையின் பெயரையும் சொல்லுங்கள். பிள்ளைக்காக ஒரு விளக்கு ஏற்றுவதால் அவன் இறந்துவிட்டான் என்று ஒப்புக்கொண்டதாகாது. அவனை மறக்கவில்லை என்பதே அதன் பொருள். முந்நூறு வருடங்களாக ஒரு தாயின் கண்ணீர் எமது மொழியில் வாசிக்கப்பட்டு வருகிறது. எங்களுடைய கண்ணீரையும் ஒருவர் எழுதிவைக்க வேண்டும். அதை எழுதப்போகிறவர் உங்களில் ஒருவராக இருக்கட்டும்.